யாழ்ப்பாணத்து இல்லப் பாண்டங்களும் பிளாஸ்ரிக்கின் வரவும்

அரசர் பெயர்களையும் போர் நிகழ்ந்த ஆண்டுகளையும் ஆராய்வோர் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்ப்பது அரிது. ஆயினும் பழைய குடியிருப்பொன்றை அகழ்வோர் கையில் முதலில் அகப்படுவது பெரும்பாலும் உடைந்த பானையின் ஓடேயாகும். கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும் கிடைத்த கறுப்புச் சிவப்பு மட்கல ஓடுகள் இல்லையெனில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆதி இரும்புக்கால மக்களைப் பற்றிச் சொல்லத்தக்க செய்தி மிகச் சிலவாகவே இருந்திருக்கும். அம்மக்கள் ஓலையாலும் நாராலும் மரத்தாலும் செய்து பாவித்தவை யாவும் மண்ணோடு மண்ணாயின. சுட்ட மண் மட்டும் எஞ்சிற்று. இனி ஒரு காலத்தில் இதே நிலத்தை அகழ்வோர் இருபதாம் நூற்றாண்டின் இறுதிக்குரிய மேற்படையில் எதனைக் காண்பர் என்பது ஐயத்துக்கு இடமானதன்று. பொலித்தீன் துண்டும், போத்தல் மூடியும், அறுந்த நைலோன் கயிறுமே அங்குக் கிடைக்கும்.

உக்காத பொருள் எதனையும் அரிதாகவே எறிந்த ஒரு வீடு, இரண்டு மூன்று தலைமுறைக் காலத்துள் உக்காத பொருளை நாள்தோறும் எறியும் வீடாக மாறியது எவ்வாறு? வீட்டிற் பிளாஸ்ரிக் பாவனையைக் குறைக்க வேண்டும் என்னும் பேச்சு இன்று பாடசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் ஓயாது கேட்கப்படுகின்றது. அது விரைவில் நிறைவேறாமைக்குரிய காரணத்தை இம்மாற்றத்தின் வரலாற்றிலேயே தேடுதல் வேண்டும்.

பழைய யாழ்ப்பாணத்து வீட்டின் பாண்டங்களுட் பெரும்பாலானவை பனையிலிருந்து வந்தவை. 1850 ஆம் ஆண்டிற் பனையைப் பற்றித் தனிநூலொன்று கொழும்பிலிருந்து வெளியிட்ட வில்லியம் பேர்கசன் என்பாரும், அவருக்குப் பின் இலங்கையைப் பற்றி விரிவாக எழுதிய எமேர்சன் தெனந்தும், பனையின் பயன்கள் 801 எனக் கணக்கிட்ட 'தால விலாசம்' என்னும் தமிழ்ச் செய்யுள் நூலைக் குறிப்பிடுகின்றனர். எண்ணூற்றொன்று என்பது புலவர் கணக்கு; அதனை அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் ஓர் அடுக்களையையும் அதனை அடுத்த கோடியையும் மட்டும் சுற்றிவரினும் கணக்கு விரைவில் வளர்ந்துவிடும்.

நெல்லும் மண்ணும் எருவும் சுமப்பதற்குக் கடகம், அரிசியும் மாவும் இட்டு வைப்பதற்குப் பெட்டி, புடைப்பதற்குச் சுளகு, பிட்டு அவிப்பதற்கு நீற்றுப்பெட்டி, பனங்கட்டி வார்ப்பதற்குக் குட்டான், மீனும் கருவாடும் கொண்டுவருவதற்கு உமல், பானையைச் சரியாது இருத்துவதற்குத் திருகணை, குழந்தையைக் கிடத்துவதற்குத் தடுக்கு, பெரியோர் படுப்பதற்குப் பாய். வெற்றிலையும் சில்லறைக் காசும் வைத்துப் பெண்கள் இடுப்பிற் செருகிக்கொண்ட கொட்டப்பெட்டியும், கூழ் குடிப்பதற்கு மடித்துக் கோலிய பிளாவும், சோறு உண்பதற்கு இழைத்த தட்டுவமும் இவற்றோடு சேர்வன. துலாவில் நீர் இறைப்பதற்குக்கூட ஒரு காலத்தில் ஓலைப் பட்டையே பயன்பட்டது.

இவை யாவும் ஒரே ஓலையால் ஆனவையல்ல. மென்மையான குருத்தோலை நுண்ணிய இழைப்புக்கும், அதனினும் சற்று முற்றிய சார்வோலை உரமான பாண்டங்களுக்கும் உரியன. ஓலையைக் காயவிட்டு, சுருள் நீக்கி, சத்தகத்தால் ஒரே அளவாக வார்ந்து, ஈர்க்கை வேறாக்கி வைத்த பின்னரே இழைப்புத் தொடங்கும். கடகத்தை இழைத்ததோடு வேலை முடிந்துவிடாது. வெளிப்புறத்தே இன்னொரு படை பொத்தி, விளிம்பை நாராற் கட்டிய பின்பே அது சுமைக்கு ஏற்றதாகும். விளிம்பு தளர்ந்தால் மீண்டும் கட்டுவர். அடி தேய்ந்தால் மீண்டும் பொத்துவர். இத்தொழில் பெரும்பாலும் பெண்களின் கையில் இருந்தது. மத்தியானச் சமையல் முடிந்த பின், திண்ணையிலோ மரநிழலிலோ இருந்து செய்யப்பட்டமையால் அது வேலையென்றே பலரால் எண்ணப்படவில்லை. கூலி குறிக்கப்படாத உழைப்பு விலையற்ற உழைப்பாகக் கருதப்படுதல் உலகெங்கும் காணப்படுவதே. ஓலைப் பாண்டத்தின் பிற்கால வீழ்ச்சிக்கு இது முக்கியமானதொரு காரணமாயிற்று.

அப்பாண்டங்களின் முடிவும் நோக்கத்தக்கது. புதுக் கடகத்தில் நெல் சுமந்தனர். பழகியபின் மண் சுமந்தனர். அடி கழன்றபின் சாணமும் குப்பையும் அள்ளினர். அதற்கும் உதவாதபோது குப்பைக் கிடங்கில் இட்டனர். கூரையிலிருந்தும் வேலியிலிருந்தும் கழற்றிய ஓலை, தோட்டக்காரனுக்கு விலைகொடுத்து வாங்கும் பொருளாயிருந்தது. அதனைத் துண்டாக்கி மண்ணிற் புதைப்பதை 'ஓலை தாழ்த்தல்' என்பர். புகையிலைத் தோட்டங்களில் அது சிறந்த பசளையாகக் கருதப்பட்டது. சில ஆண்டுகள் கூரையாயிருந்த ஓலை பின்னர்ப் புகையிலைக்கு உரமாகும் இவ்வொழுங்கில் 'கழிவு' என்னும் சொல்லுக்கு அதிகம் இடமில்லை.

ஓலைக்கு அடுத்து நின்றது மண். பானை, சட்டி, குடம், முட்டி, தாழி என்பன உடையும்வரை பயன்பட்டன. உடைந்த பின் ஓடு வேறு வேலைக்கு ஆயிற்று. பித்தளையும் வெண்கலமும் வசதியுள்ளோர் வீடுகளிற் சீதனத்தோடு வந்து தலைமுறை கடந்து நின்றன. கடைக்குச் செல்வோர் பாண்டத்தோடு செல்வர். எண்ணெய்க்குப் போத்தல், அதன் கழுத்திலே தூக்குவதற்கு ஒரு கயிறு, மீனுக்கு உமல், மரக்கறிக்குப் பெட்டி அல்லது துணிப்பை. சீனியையும் பருப்பையும் கடைக்காரர் கடதாசிச் சரையில் இட்டு நூலாற் கட்டிக் கொடுப்பார். அந்த நூலும் வீட்டிலே ஓர் உருண்டையாகச் சுற்றி வைக்கப்படும். வெளிநாட்டிலிருந்து வந்த தகரமும் வீணாகவில்லை. பால்மாப் பேணி அரிசி அளக்கும் சுண்டாயிற்று.

இத்துணைச் சிக்கனமான வாழ்வைக் கண்டு பழைமையை முழுதும் புகழ்ந்துவிடுதல் எளிது. இத்துறையில் எழுதுவோர் பலரும் அவ்வாறே செய்கின்றனர். அவர் காணாது விடும் ஒன்றும் உண்டு. யாழ்ப்பாணத்து வீட்டில் இருவகைப் பாண்டங்கள் இருந்தன. ஒன்று கழுவிக் கழுவிப் பாவிப்பது. மற்றொன்று ஒருமுறை பாவித்து எறிவது. எதை எவருக்குக் கொடுப்பது என்பதைச் சாதி தீர்மானித்தது.

மூக்குப்பேணியை நோக்குக. குவளையின் ஒருபுறத்தே மூக்குப்போல நீண்ட குழாயை உடைய இப்பித்தளைப் பாண்டத்தை உதட்டிற் படாமல் உயர்த்தி, நீரை வாயில் வார்த்துக் குடிப்பர். எச்சில் படாதாகையால், ஒரே பேணியைப் பலர் மாறி மாறிப் பாவிக்க இயலும். விருந்தினர்க்கும் உறவினர்க்கும் அதுவே நீட்டப்படும். வயலிலும் தோட்டத்திலும் உழைத்தவர்க்கோ அது நீட்டப்படவில்லை. அவர்க்குப் பிளாவும் சிரட்டையும் உரியனவாயின. அதிலே தண்ணீரும் கூழும் வார்க்கப்படும். குடித்தபின் அவரே அதனை எறிந்துவிட வேண்டும். கழுவ வேண்டாத பாண்டம், அவருடைய வாய் பட்டதை வீட்டுக்குள் எடுக்க வேண்டாத பாண்டமாகவும் இருந்தது. பிற்காலத்தில் தேநீர்க்கடைகள் தோன்றியபோது இவ்வேற்றுமை அங்கும் தொடர்ந்தது. கண்ணாடிக் குவளை சிலர்க்கு. போத்தலும் தகரப்பேணியும் வேறு சிலர்க்கு. 1957 ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. ஆயினும் சட்டம் வந்த பின்னும் 1960களின் பிற்பகுதிவரை தேநீர்க்கடைகளின் வாயிலிலும் கோயில்களின் வாயிலிலும் போராட்டங்கள் நிகழவேண்டியிருந்தன. சமமாகக் கழுவி வைத்த ஒரு குவளைக்காக மனிதர் அடிபட்ட நிலம் இது.

ஆகவே எறிந்துவிடும் வழக்கம் பிளாஸ்ரிக்கோடு மேனாட்டிலிருந்து புதிதாக வந்ததன்று. எறியப்பட்டது இலையாகவும் ஓலையாகவும் சிரட்டையாகவும் இருந்தமையால் நிலம் அதனைப் பொறுத்துக்கொண்டது.

பிளாஸ்ரிக்கின் பிறப்பும், முரண்போலத் தோன்றினும், சிக்கனத்தோடு தொடர்புடையதே. 1862 ஆம் ஆண்டில் இலண்டன் பொருட்காட்சியில் அலெக்சாந்தர் பாக்ஸ் என்பவர் மரநாரிலுள்ள செலுலோசைக் கொண்டு ஆக்கிய ஒரு புதுப்பொருளைக் காட்டினார். அடுத்த பத்தாண்டுக் காலத்துள் அமெரிக்காவில் யோன் வெஸ்லி ஹயாட் செலுலொயிட்டை ஆக்கினார். பிலியட் விளையாட்டுப் பந்துக்கு யானைத்தந்தம் போதாமற் போனமையே அவரது முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. தந்தமும் ஆமையோடும் இனித் தேவையில்லை என்று அக்காலத்தார் மகிழ்ந்தனர். 1907 ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் ஆக்கிய பேக்லைற் முற்றிலும் செயற்கையான முதற் பிளாஸ்ரிக்காகும். இன்று வீடுகளில் மிகுந்து காணப்படும் பொலித்தீனோ தற்செயலாகக் கிடைத்தது. 1933 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்திலுள்ள இம்பீரியல் கெமிக்கல் இண்டஸ்ரீஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடமொன்றில், எதிலீன் வாயுவை மிகுந்த அமுக்கத்துக்கு உட்படுத்திய சோதனையின் முடிவிற் கலத்தின் உள்ளே மெழுகுபோன்ற வெண்பொருளொன்று ஒட்டியிருந்தது. இரண்டாம் உலகப் போரில் அது ராடர் கருவிகளின் கம்பிகளுக்கு உறையாக உதவிற்று. போர் ஓய்ந்தபின் ஆலைகள் அதற்கு வேறு சந்தை தேடின. வீட்டு அடுக்களை அகப்பட்டது. பிடியோடு கூடிய பொலித்தீன் பைக்கு 1965 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றவர் சுவீடன் தேசத்துப் பொறியியலாளர் ஸ்ரென் குஸ்தாவ் தூலின். காகிதப் பைக்காக மரம் வெட்டப்படுவதைக் குறைக்கலாம் என்பதும், ஒரே பையைப் பலமுறை பாவிக்கலாம் என்பதும் அவர் எண்ணமாயிருந்தன என்பர்.

இலங்கைக்குப் பிளாஸ்ரிக் பொருள்கள் போருக்குப் பிந்திய ஆண்டுகளிலே சிறிது சிறிதாக வந்தன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்தமையால் அவற்றின் பெருக்கம் தடைப்பட்டது. அக்காலத்திலேயே யாழ்ப்பாணத்து விவசாயிகள் மிளகாயாலும் வெங்காயத்தாலும் முன்னொருபோதும் இல்லாத வளம் பெற்றனர். 1977 ஆம் ஆண்டிற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதன்பின் கடைத்தெருக்களில் நிறநிறமான வாளியும் குடமும் பேசினும் அடுக்கடுக்காகத் தொங்கின. நைலோன் கயிறு தும்புக் கயிற்றையும், பிளாஸ்ரிக் பாய் ஓலைப் பாயையும், பொலித்தீன் பை உமலையும் சரையையும் ஒருங்கே விலக்கின.

இதனைப் பெண்கள் வரவேற்றனர் என்பதில் வியப்பில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. குடிக்கவும் குளிக்கவும் கிணறே கதி. தீவுப்பகுதிகளிலும் கரையோரங்களிலும் பல கிணறுகள் உவர்நீர் உடையன. நல்ல தண்ணீருக்காகப் பெண்களும் பிள்ளைகளும் இடுப்பிற் குடத்தோடு நெடுந்தூரம் நடந்தனர். மட்குடம் வெறுமையாயிருக்கும்போதே பாரமானது. கால் இடறினால் நீரும் போய்க் குடமும் போகும். வீடு திரும்பினால் ஏச்சும் கிடைக்கும். பித்தளைக் குடமோ விலையால் ஏழைக்கு எட்டாதது. பிளாஸ்ரிக் குடம் பாரமற்றது, உடையாதது, மலிவானது. அதனை முதன்முதல் இடுப்பில் வைத்த பெண்ணுக்கு அது ஒரு விடுதலை. பழைய பாண்டத்தைப் போற்றிப் பேசுவோருட் பலர் அதனைச் சுமந்தவரல்லர்.

சமத்துவத்துக்கும் அது ஓரளவு உதவிற்று எனலாம். பிளாஸ்ரிக் குவளைக்குச் சாதி வழக்கு ஏதும் முன்பே ஏற்பட்டிருக்கவில்லை. ஓலைத் தொழிலோடும் மட்பாண்டத் தொழிலோடும் ஒட்டியிருந்த இழிவெண்ணமும் ஆலைப் பொருளுக்கு இல்லை. கடகம் சுமப்பதை நாணிய இளைஞன் பொலித்தீன் பையைக் கையில் தூக்கிச் செல்ல நாணவில்லை. இது நிகழ்ந்ததற்குப் பழைய ஒழுங்கே பொறுப்பாகும்.

போர்க்காலம் இவ்வரலாற்றை இரு திசையில் இழுத்தது. 1990 ஆம் ஆண்டு தொடக்கம் எரிபொருள், மின்கலம், சீமெந்து, உரம் முதலிய பல பொருள்கள் வடக்குக்குச் செல்வது தடுக்கப்பட்டபோது, வீடுகள் மீண்டும் பழைய சிக்கனத்துக்குத் திரும்பின. ஜாம் போத்தலினுள் சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டு எரித்த விளக்கின் முன்னேயே ஒரு தலைமுறை மாணவர் பரீட்சைக்குப் படித்தனர். வெறும் போத்தலும் தகரமும் அக்காலத்தில் எறியப்படவில்லை. மறுபுறம், இடப்பெயர்வு பிளாஸ்ரிக்கை இன்றியமையாததாக்கிற்று. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கையால் தூக்கக்கூடியதே பாண்டமாயிற்று. பின்னர் முகாம்களில் வாழ்ந்தவர்க்குத் தறப்பாளே கூரையும் சுவரும். தண்ணீர்க் கான்களே கிணறு. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னும், 2009 ஆம் ஆண்டில் வன்னிப் போர் முடிந்த வேளையிலும் இதே காட்சி தொடர்ந்தது. தறப்பாளின் கீழே மழை நனையாது உறங்கியவரிடம் அப்பொருளைத் தீயதென்று மட்டும் சொல்லிவிட முடியாது. போர் ஓய்ந்து பாதை திறந்தபோதோ, முப்பதாண்டுகளாக மற்றைய மாகாணங்கள் படிப்படியாகப் பழகிய பொதிப்பொருள்கள் யாவும் வடக்குக்கு ஒரே வேளையில் வந்து சேர்ந்தன.

பொருள் மாறியது; பழக்கம் மாறவில்லை. தொல்லையின் வேர் இங்கேயே உள்ளது. விடியற்காலையில் முற்றம் கூட்டிச் சருகைக் குவித்து, கோடியின் மூலையிற் புதைப்பதும் எரிப்பதும் யாழ்ப்பாணத்துப் பெண்களின் பழைய ஒழுங்கு. வேப்பஞ் சருகுக்கும் மாஞ் சருகுக்கும் அது நல்ல முறை. உக்கியது பசளை, எரிந்தது சாம்பல். அதே குவியலிற் பொலித்தீன் பையும் பால்மாப் பொதியும் சேர்ந்தபோதும் கூட்டும் கை அதே கையாகவும், மூட்டும் தீ அதே தீயாகவும் இருந்தன. புதைத்தது உக்கவில்லை, ஆண்டுகள் சென்று மண்வெட்டியிற் பட்டு மீண்டும் வெளிவந்தது. எரித்தது கரும்புகையாயிற்று, குளோரீன் அடங்கிய பி.வி.சி. வகை குறைந்த வெப்பத்தில் எரியும்போது டையொட்சின் என்னும் கொடிய நச்சுப்பொருள் தோன்றும். வெயிலிற் கிடந்தது நொறுங்கித் துணிக்கையாகி மழைநீரோடு சென்றது. குடாநாட்டின் அடியிலிருப்பது சுண்ணாம்புக்கல்; வெடிப்பும் குகையும் மலிந்த அக்கல்லினூடே நிலத்தின் மேலுள்ளது எளிதிற் கிணற்று நீரை அடையும் என்பதை அறியாதார் இங்கு இல்லை. கிணற்றடியில் எச்சில் துப்பாத மக்கள், அக்கிணற்றுக்குச் சற்றுத் தொலைவிலேயே பொலித்தீனைப் புதைத்தனர்.

இன்னொரு பழக்கமும் தொடர்ந்தது; அது இன்னும் நுண்ணியது. திருமணம், அந்தியேட்டி, அன்னதானம் ஆகிய எல்லாவற்றுக்கும் முன்பு வாழையிலை இருந்தது. இலை தட்டுப்பட்டபோது தட்டு வந்தது. பலர் உண்ட தட்டைக் கழுவுவதற்கு நீரும் ஆளும் வேண்டும். கழுவியது சரிதானா என்னும் ஐயமும் எழும். அதற்கு வழியாகத் தட்டின்மேல் 'லஞ்ச் சீற்' என்னும் மெல்லிய பொலித்தீன் தாள் விரிக்கப்பட்டது. உண்டபின் தாளைச் சுருட்டி எறிந்தால் தட்டு தூயதாயிற்று. சாப்பாட்டுக் கடைகளிலும் அதுவே வழக்கமாயிற்று. பிறர் எச்சில் தம்மேற் படலாகாது என்னும் பழைய அச்சத்துக்குக் கிடைத்த புதிய பிளாவே இந்தத் தாள் என்றால் மிகையாகாது. வேறுபாடு ஒன்று உண்டு: பிளாவைச் சிலர்க்கே கொடுத்தனர், லஞ்ச் சீற் எல்லார்க்கும் வந்தது.

சட்டங்கள் காலந்தோறும் வந்தன. 2007 ஆம் ஆண்டு சனவரி முதலாம் நாள் தொடக்கம் 20 மைக்குரோனிலும் மெல்லிய பொலித்தீன் தடைசெய்யப்பட்டது. மைக்குரோன் என்பது மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. சந்தையில் அதனை அளந்து வாங்குவார் எவருமில்லை. 2017 ஆம் ஆண்டு ஏப்ரல் 14 ஆம் நாள், தமிழர்க்கும் சிங்களவர்க்கும் புத்தாண்டு தினத்தன்று, கொழும்பின் புறத்தேயுள்ள மீதொட்டமுல்லையிற் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடிற்று. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் லஞ்ச் சீற், பொலித்தீன் பை, ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவற்றின்மீதும், குப்பையோடு பிளாஸ்ரிக்கை வெளியில் எரிப்பதன்மீதும் தடை வந்தது. 2021 ஆம் ஆண்டில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து அமிழ்ந்தபோது, அதிலிருந்த ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகளுட் பெருமளவு கடலிற் கொட்டிக் கரையெங்கும் வெண்மணலாய் ஒதுங்கிற்று. வாளியும் பையும் ஆவதற்கு முன்னைய உருவில் அப்பொருளைப் பலர் அன்றே முதன்முதற் கண்டனர்.

2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதியே இல்லத்தோடு மிக நெருங்கியது. உறிஞ்சு குழல், தட்டு, குவளை, கரண்டி, பூமாலை என்பவற்றோடு பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் அதிலே தடைப்பொருளாயிற்று. அரசாங்கத்தின் கை அடுக்களையின் நீராவிவரை நீண்டது விந்தையே. ஆனால் அத்தடை பொருத்தமற்றதன்று: இடியப்பம் பிழிந்து கொதிநீராவியில் ஏற்றும் தட்டு முன்னர் ஈர்க்காலும் பிரம்பாலும் செய்யப்பட்டது, பிளாஸ்ரிக் அதனை விலக்கியதற்கு மலிவும் எளிதிற் கழுவுதலும் அன்றி வேறு காரணம் இல்லை.

வரலாற்றை இவ்வாறு நோக்கும்போது, வீட்டிலுள்ள பிளாஸ்ரிக் யாவும் ஒரே இனம் அன்று என்பது தெளிவாகும். பத்து ஆண்டு உழைக்கும் குடமும் வாளியும் பித்தளைக் குடத்தின் வழிவந்தவை. அவற்றை வெறுத்து எறிந்துவிட்டு மட்குடம் வாங்குவதால் நிலத்துக்கு நன்மை ஏதுமில்லை. சுமப்பவளுக்குத் தீமையே உண்டு. ஒருமுறை பாவிக்கும் பையும் தாளும் குவளையும் சரையின் வழியிலும் பிளாவின் வழியிலும் வந்தவை. இவற்றையே குறைக்க வேண்டும். இவற்றைக் குறைக்க ஓலையும் இலையும் துணியும் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் இவ்விடத்தில் இரு வினாக்கள் எழுகின்றன. கழுவுபவர் யார்? இழைப்பவர் யார்?

அன்னதான மடத்தில் லஞ்ச் சீற்றை விலக்கினால், எஞ்சுவது ஆயிரம் தட்டுகளைக் கழுவும் வேலை. அவ்வேலை முன்னர் எவர் தலையில் விழுந்ததோ அவர் தலையிலேயே மீண்டும் விழுமாயின், அதனை முன்னேற்றம் எனல் தகாது. உண்டவர் தம் தட்டைத் தாமே கழுவி அடுக்கும் வழக்கம் பாடசாலை விடுதிகளில் நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. அதற்கு ஊரிலே முன்மாதிரி இல்லையென்று சொல்வதற்கில்லை. வீட்டுக்குள்ளும் இதே கதையே. துணிப்பையைத் துவைத்துக் காயவைப்பதும், போத்தலைக் கழுவிக் கவிழ்ப்பதும், மீன் கொண்டுவந்த பாண்டத்தின் வெடில் போகத் தேய்ப்பதும் பெரும்பாலும் ஒருத்தியின் வேலையாகவே உள்ளன. சந்தைக்குப் பாண்டத்தோடு செல்லும்படி ஆண்களுக்கு அறிவுரை கூறுவோர், மாலையில் அதனைக் கழுவும்படியும் கூறுதல் நன்று.

இழைப்பவர் நிலை இதனினும் இக்கட்டானது. பனை அபிவிருத்திச் சபை 1978 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. ஓலைத் தொழிலில் ஈடுபட்ட பெண்களுக்குப் பயிற்சியும் விற்பனை நிலையமும் கிடைக்க அது வழிசெய்தது. போர் ஆண்டுகளிற் பனைகள் பெருந்தொகையாக அழிந்தன. காவலரண்களுக்கு வெட்டப்பட்டவை பல, செல்லால் தலையிழந்து நின்றவை பல. எஞ்சிய பனையில் ஏறி ஓலை வெட்டித் தருவோரும் குறைந்தனர். ஆயினும் தொழில் அழிந்துவிடவில்லை. சாயமூட்டிய கைப்பையும், தொப்பியும், மூடியிட்ட சிறு பெட்டியும் இன்று நன்றாக விற்பனையாகின்றன. அவற்றை வாங்குவோர் சுற்றுலா வருவோரும், புலம்பெயர்ந்து சென்று விடுமுறைக்குத் திரும்புவோருமே. அவை அடுக்களைக்குச் செல்வதில்லை. கண்ணாடி அலுமாரிக்கும் கடல் கடந்த வீட்டுச் சுவருக்கும் செல்கின்றன. ஒரு கடகத்தை இழைத்துப் பொத்தி விளிம்பு கட்டுவதற்குச் செல்லும் நேரத்துக்கு நியாயமான நாட்கூலி வைத்தால், அதன் விலை பிளாஸ்ரிக் பேசினின் விலையை வெகுவாக மிஞ்சிவிடும். கூலியைக் குறைத்தே கடகம் முன்பு மலிவாயிருந்தது. பழைய விலைக்கு அதனை மீண்டும் கேட்பவர், பழைய உழைப்பையும் பழைய விலைக்கே கேட்கின்றார்.

பேசினின் விலை குறைவாகத் தோன்றுவது, அது உடைந்தபின் ஆகும் செலவை வாங்கியவர் கொடாமையாலேயே. குப்பை வண்டி அதனை ஏற்றிச் சென்று கல்லுண்டாய் வெளியிற் கொட்டும்வரை ஆகும் செலவும், அங்கே தீப்பற்றும்போது அயலூரார் சுவாசிக்கும் புகையும் கடைக்காரரின் கணக்கில் ஏறுவதில்லை. கடகத்துக்கோ அத்தகைய பிற்செலவு இல்லை. இவ்விரண்டையும் ஒரே கணக்கில் எழுதும் முறை ஏற்படும்வரை, இழைக்கும் பெண் ஆலையோடு போட்டியிட்டு வெல்லப்போவதில்லை.

ஓலைப் பாண்டங்களுள் ஒன்று மட்டும் இந்நூறாண்டு மாற்றத்தையும் தாங்கி அடுக்களையிலேயே நிற்கின்றது. அது நீற்றுப்பெட்டி. கூம்பாக இழைத்த அதனுள் குழைத்த மாவையும் தேங்காய்ப்பூவையும் இட்டுப் பானை வாயில் வைத்தால், ஓலையின் இடைவெளியூடே நீராவி எங்கும் ஒருபடித்தாய் ஏறும். மிகையான ஈரத்தை ஓலை தானே உறிஞ்சும். பிட்டு கட்டியாகாது உதிரும். அலுமினியக் குழலிலும் பிட்டு அவிக்கலாம், பலர் அவிக்கின்றனர். ஆனால் ஓலையின் மணம் அதில் வாராது என்று சொல்லி, திருநெல்வேலிச் சந்தையிற் பொலித்தீன் பை நிறைய மரக்கறி வாங்கிய பின்னும், நீற்றுப்பெட்டி ஒன்றைத் தட்டிப் பார்த்து விலை பேசி வாங்கிச் செல்வோர் இன்றும் உளர்.